ஒன்ராறியோவின் வடபாதி: "அங்க ஒண்டுமில்லை" எண்டு சொல்லுற ஆக்களுக்கு

#1 வடதிசை

வணக்கம் உறவுகளே.

எங்கட ஆக்களிட்ட ஒன்ராறியோவைக் காட்டச் சொன்னால் ஸ்காபுரோவில தொடங்கி மிசிசாகாவில முடிச்சுப்போடுவினம். துணிஞ்சவை வடக்கில பரி (Barrie) நகரம் வரைக்கும் போவினம். அதுக்கங்கால கொட்டேஜ், அதுக்கும் அங்கால துருவக்கரடி. இவ்வளவுதான் புவியியல். வரி கட்டுறம், வோட்டுப் போடுறம், பிள்ளையளை இஞ்சதான் வளர்த்தனாங்கள். மாகாணத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம் எண்டு இந்த இழையைத் திறக்கிறன்.

பரப்பு 10 லட்சத்து 76 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கையை 16 தரம் வைக்கலாம். 2021 குடிசன மதிப்பீட்டில 1 கோடி 42 லட்சம் பேர். இதில வடக்கு எண்டு சொல்லுறது, அதாவது நிப்பிசிங் ஏரிக்கும் பிரெஞ்சு ஆற்றுக்கும் அங்கால உள்ள நிலம், பரப்பில 87 வீதம் வரும். சனம் 8 லட்சத்துக்கும் குறைவு. நூறு பேரில ஆறு பேர்கூட அங்க இல்லை.

ரொறன்ரோவில இருந்து மாகாணத்தின்ர மேற்கு ஓரத்தில இருக்கிற கெனோராவுக்கு றோட்டால போறது ஹலிஃபக்ஸுக்குப் போறதை விடத் தூரம். ஹலிஃபக்ஸுக்கு இடையில கியூபெக்கையும் நியூ பிரன்ஸ்விக்கையும் தாண்டவேணும். கெனோரா போய்ச் சேர்ந்தாப்பிறகும் நீங்கள் ஒன்ராறியோவுக்குள்ளதான் நிக்கிறியள். தென்முனையில இருக்கிற பீலித் தீவு வட கலிபோர்னியாவின்ர அட்சரேகையில இருக்கு, அங்க வைனுக்குத் திராட்சை நடுகினம். வடமுனையில ஃபோர்ட் செவேர்ன், ஹட்சன் குடாக் கரையோரம், கிட்டத்தட்ட 56 பாகையில. அங்க போறதுக்கு வருசம் முழுக்கப் பாவிக்கிற றோட்டே இல்லை.

ஏன் சனம் எல்லாம் தெற்கில? நிலம்தான் காரணம். தெற்கில சுண்ணாம்புக் கல்லுக்கு மேல நல்ல மண். அதுக்கு வடக்கில கனேடியக் கேடயம், உலகத்தின்ர மிகப் பழைய பாறையளில ஒண்டு. பனிப்பாறை மேல்மண்ணை வழிச்சுக்கொண்டு போயிட்டுது, மிஞ்சினது கல்லும் ஏரியும் ஊசியிலைக் காடும். அதுக்கும் வடக்கில ஹட்சன் குடாத் தாழ்நிலம், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குக் கரிச் சேறு. நடுவில கொக்ரேன், ஹேர்ஸ்ற் பக்கம் மட்டும் ஒரு களிமண் பட்டை. அங்க கமம் செய்யலாம் எண்டு அரசாங்கம் ஒரு காலத்தில ஆக்களை அனுப்பினது. முதலாம் உலகப்போரால திரும்பி வந்த சிப்பாய்மாருக்குக் கப்புஸ்கேசிங்கில காணி குடுத்தவை. கொஞ்ச வருசத்தில அந்தக் குடியேற்றம் கலைஞ்சுபோச்சு. மண் நல்லதுதான், கோடைதான் காணாது.

வரைபடத்தில வெறுமையாத் தெரியிற அந்தப் பாதியில இருக்கிற ஒவ்வொரு ஊரும் யாரோ எடுத்த முடிவாலதான் அங்க இருக்கு. ரயில், சுரங்கம், ஒப்பந்தம், நீதிமன்றத் தீர்ப்பு, ஏதாவது ஒண்டு. தெரிஞ்சவை எழுதுங்கோ.

#2 கணக்கன்

அண்ணை, பதிவு நல்லாயிருக்கு. ஆனால் கணக்கைப் பாப்பம். நூற்றுக்கு ஆறு பேர். முந்நூறு, நானூறு பேர் இருக்கிற ஊருக்கு டீசலும் பால்மாவும் விமானத்தில போகுது. நோயாளி விமானத்தில, வாத்தியார் விமானத்தில. உந்தச் செலவுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெற்கில ஒரு வீடு வாங்கிக் குடுக்கலாம். மனிதாபிமானம் இல்லாமல் கதைக்கேல்லை, உண்மையாவே கேக்கிறன்: ஏன் அவையளைத் தெற்கே கூப்பிடக்கூடாது?

#3 லொறிச்சாரதி

கணக்கன் தம்பி, மேற்கில இருந்து உங்கட வீட்டுக்கு வாற சாமானில பாதி எந்த றோட்டால வருது எண்டு யோசிச்சனீங்களே?

நிபிகன் எண்டு ஒரு சின்ன ஊர், சுப்பீரியர் ஏரியின்ர வடக்குக் கரையில. 11ஆம் நெடுஞ்சாலையும் 17ஆம் நெடுஞ்சாலையும் அங்க ஒண்டாச் சேர்ந்து ஒரு பாலத்தால ஆறு கடக்கும். கனடாவின்ர கிழக்கையும் மேற்கையும் நாட்டுக்குள்ளாலயே இணைக்கிற றோட்டு அந்த ஒண்டுதான். 2016 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை, புத்தம் புதுப் பாலம், திறந்து ஆறு கிழமை. போல்ட் அறுந்து பாலத்தின்ர தளம் ஒரு பக்கம் இரண்டடி கிளம்பி நிண்டுது. நான் தண்டர் பே பக்கம் லோட்டோட நிண்டனான். மாற்றுவழி அமெரிக்காவுக்குள்ளால. கனபேரிட்ட எல்லை தாண்டுற பேப்பர் இல்லை, சிலபேரின்ர லோட்டுக்கு அனுமதி இல்லை. எஞ்சினை நிப்பாட்டினால் டீசல் உறையும், நிப்பாட்டாட்டி முடியும். அடுத்த நாள்தான் ஒரு லேன் திறந்தவை. ஒரு நாள் முழுக்க இந்த நாடு றோட்டால இரண்டு துண்டு. நிபிகனில இருக்கிறது 1,500 பேர் அளவு.

வாவா தெரியுமோ? பெரிய வாத்துச் சிலை நிக்கிற இடம். சுப்பீரியர் கரையில கடைசி இடைவெளி 1960 செப்ரெம்பரிலதான் றோட்டாச்சு. அதுக்கு முன்னம் சூ செய்ன்ற் மேரியில இருந்து வாவாவுக்கு நேர் றோட்டில்லை. றோட்டுத் திறந்தாலும் கார்க்காரர் ஊருக்குள்ள வராமல் அப்படியே ஓடிடுவினம் எண்டு பயந்துதான் அந்த வாத்தையே வச்சவை. வேலை செய்தது, எல்லாரும் நிண்டு படம் எடுக்கினம். ஸ்னோ கொட்டி றோட்டுக்குக் கேற் போட்டால் நாங்களும் அங்கதான். மொட்டலில அறை கிடைக்காட்டி லொறியிலயே படுக்கை. ஊர்க்காரர் சூப் கொண்டுவந்து தந்தது மறக்கேலாது.

#4 மூஸ்நதி

வடதிசை அண்ணை, இழைக்கு நன்றி. நான் மூஸ் ஃபாக்ரறியில தாதியா வேலை செய்தனான், அதாலதான் இந்தப் பேர்.

மூஸ் ஃபாக்ரறி ஒரு தீவு. 1673 இல ஹட்சன் பே கொம்பனி அங்க தோல் வியாபாரத்துக்கு இடம் போட்டது. ஒன்ராறியோவில ஆங்கிலேயர் குடியேறின முதல் இடம் அதுதான். ரொறன்ரோ எண்டு ஒண்டு உருவாக நூறு வருசத்துக்கு மேல இருக்கேக்க. ஆனால் அங்கத்தைய பூர்வகுடிகளான கிறீ மக்களுக்கு அது ஏற்கெனவே ஊர், அந்தக் கணக்கில 1673 நேற்று.

போறதெண்டால் கொக்ரேன் வரைக்கும் றோட்டு, பிறகு ரயில். 299 கிலோமீற்றர், ஐஞ்சு மணித்தியாலம் பிடிக்கும். 1932 இல தண்டவாளம் மூசனியை எட்டினது, றோட்டு இண்டைக்கும் இல்லை. அந்த ரயிலில சனத்தோட காரும் வரும், ஃபிரிட்ஜும் வரும், சினோமொபைலும் வரும், சவப்பெட்டியும் வரும். மூசனியில இருந்து தீவுக்கு ஆறு கடக்கவேணும். கோடையில படகு ரக்சி. மாரியில ஆறு உறைஞ்சு அதுக்கு மேலால றோட்டு. இரண்டுக்கும் இடையில, ஐஸ் கட்டேக்கயும் உடையேக்கயும், ஹெலிகொப்ரர். உடையிற நேரம் சத்தம் கேட்டால் லொறியில கல்லுக் கொட்டிறமாதிரி இருக்கும். அந்தக் கிழமைகளில இரவு வேலையெண்டால் நான் கையில இரண்டு நாளுக்கு உடுப்பும் சாப்பாடும் கொண்டுதான் போவன். அடுத்த ஆள் கடந்து வருவாவோ எண்டு சொல்லேலாது.

தீவில இருக்கிற பழைய மரத் தேவாலயத்தின்ர தரையில ஓட்டை போட்டு அடைப்பான் வச்சிருந்தவை. வெள்ளம் வந்தால் அடைப்பானைக் கழட்டித் தண்ணியை உள்ள விடுறது, இல்லாட்டிக் கட்டடம் மிதந்து போயிடும். முதல் தரம் பாத்தபோது பகிடி எண்டு நினைச்சன்.

கணக்கன், "றோட்டில்லாத ஊர்" எண்டு லேசாச் சொல்லுறம். தூரவடக்கில முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு மாரியில பனிமேல மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல றோட்டு வெட்டினம். அந்த எட்டுப் பத்துக் கிழமைக்குள்ளதான் ஒரு வருசத்துக்கான டீசல், பலகை, சீமெந்து, வாகனம் எல்லாம் போகவேணும். இப்ப மாரி பிந்தி வந்து முந்திப் போகுது. போகாத சாமான் விமானத்தில போகும், அப்பதான் நீங்கள் சொல்லுற விலை வரும்.

#5 பழம்பெட்டி

கணக்கனின் கேள்விக்கு வரலாற்றுப் பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1867 இல் ஒன்ராறியோ இன்றிருப்பதில் சிறு பகுதிதான். மேற்கே எங்கே முடிகிறது என்பதில் மனிற்றோபாவுடன் பெரிய சண்டை. கெனோராவுக்கு அப்போது ராற் போர்ட்டேஜ் என்று பெயர். அந்த ஊரை மனிற்றோபா தன் நகராட்சி என்றது, ஒன்ராறியோவும் தன்னுடையது என்றது. 1883 இல் இரு மாகாணங்களும் அங்கே தேர்தல் நடத்தின. இரு தரப்புப் பொலிஸும் ஒருவரையொருவர் கைது செய்தார்கள், சிறைக்குத் தீவைப்பு வேறு. வழக்கு, அப்போது கனடாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1884 இல் ஒன்ராறியோவுக்குச் சாதகமாக முடிந்தது, 1889 இல் சட்டமானது. ஹட்சன் குடா வரை வடக்கு முழுவதும் ஒன்ராறியோவுக்கு வந்தது 1912 இல்தான்.

சண்டை எதற்காக? மரத்துக்காக. எந்த அரசு மரம் வெட்ட அனுமதி கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அதன் தொடர்ச்சியாக 1888 இல் இன்னொரு தீர்ப்பு, செய்ன்ற் கதரின்ஸ் மில்லிங் வழக்கு. அந்த நிலத்தில் பூர்வகுடிகளுக்கு என்ன உரிமை என்று பிரிவிக் கவுன்சில் வரையறுத்தது. வழக்கில் கனடா ஒரு பக்கம், ஒன்ராறியோ மறுபக்கம். நிலத்துக்குரிய அனிஷினாபே மக்கள் கட்சிக்காரரே இல்லை, அவர்களை யாரும் விசாரிக்கவும் இல்லை. கனடாவின் நிலவுரிமைச் சட்டம் பல பத்தாண்டுகள் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நின்றது.

1905-06 இல், வடக்கின் பூர்வகுடிகளோடு அரசு செய்த ஒன்பதாம் ஒப்பந்தம். ஆணையாளர்கள் வள்ளத்தில் ஊர் ஊராகப் போனார்கள். கையெழுத்திட்டதும் தலைக்கு 8 டொலர், பிறகு ஆண்டுக்கு 4 டொலர். இன்றும் அந்த 4 டொலர்தான். ஒன்ராறியோ அரசு நியமித்த ஆணையாளர் மக்மார்ட்டின் எழுதிய நாட்குறிப்பு நம் காலத்தில் கவனத்துக்கு வந்தது. முன்பு போலவே வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்று வாயால் சொன்ன உறுதி அதில் இருக்கிறது. கையெழுத்து வாங்கிய தாளில், அரசு காணியைச் சுரங்கத்துக்கோ மரத்துக்கோ எடுத்தால் அந்த உரிமை போய்விடும்.

கணக்கன், "எங்கள் வரி" என்கிறீர்கள். ஹ்யூரன், சுப்பீரியர் ஏரிப் பக்கத்துப் பூர்வகுடிகளோடு செய்த 1850 ரொபின்சன் ஒப்பந்தங்களில் ஆண்டுக் கொடுப்பனவு நிலத்தின் வருமானத்தோடு உயரும் என்று வாசகம் உண்டு. 1875 இல் 4 டொலராக உயர்ந்தது, அதோடு நின்றது. சட்பரி நிக்கல், காடு, மின்சாரம் என எல்லாம் அந்த நிலத்திலிருந்துதான் போனது. 2023 இல் ஹ்யூரன் ஏரிப் பக்கத்து 21 முதற்குடிகளுக்கு (First Nations, பூர்வகுடிச் சமூகங்கள்) 1,000 கோடி டொலர் தர இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டன. 2024 இல் உச்ச நீதிமன்றம், அரசு ஒப்பந்தத்தை நீண்டகாலமாக மதிக்கவில்லை என்று கடுமையாகவே எழுதியது. ஐந்தொகை போடுவதென்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும்.

#6 கணக்கன்

பழம்பெட்டி அண்ணை, அந்தக் கணக்கு எனக்குப் புதுசு, வாசிக்கிறன். ஆனால் என்ர கேள்வி நிலத்துக்கு ஆர் சொந்தக்காரர் எண்டதில்லை. காசை வாங்கிக்கொண்டு வசதியான இடத்தில இருக்கலாமே? வருசா வருசம் வெள்ளம் எண்டு விமானத்தில ஆக்களை ஏத்தி இறக்கிற ஊரும் இருக்கெல்லே?

#7 மூஸ்நதி

நீங்கள் சொல்லுறது கஷெச்சவான், அல்பனி ஆற்றோரம். 2004 இல இருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு வசந்தத்திலயும் வெளியேத்திறவை. பிள்ளையள் படிப்பை நடுவில விட்டுட்டு வேற ஊரில ஹோட்டல் அறையில இருக்குங்கள். சலரோக மருந்து, பிரஷர் மருந்து எல்லாம் எந்தப் பையில எண்டு தேடி அழுத அம்மம்மாக்களைப் பாத்திருக்கிறன்.

ஆனால் அந்தத் தாழ்ந்த இடத்தில ஊரை வச்சது ஆர்? 1950களில அரசாங்கம். அவையள் நகரமாட்டம் எண்டு சொல்லேல்லை, இருபது வருசமா நகர்த்துங்கோ எண்டுதான் கேக்கினம். தங்கட நிலத்தில மேடான இடத்துக்கு. 2019 இல ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. இழுபடுது.

வினிஸ்க் எண்டு இன்னொரு ஊர் இருந்தது. 1986 மே 16, ஐஸ் கட்டி அடைச்சு ஆறு ஊருக்குள்ள வந்தது. வீடுகளை அப்படியே அள்ளிக்கொண்டு போச்சு, இரண்டுபேர் செத்தவை. சனம் தெற்கே வரேல்லை. அதே ஆற்றில 30 கிலோமீற்றர் மேல போய் பியவானுக் எண்டு புது ஊர் கட்டினவை. மீன் எங்க, வாத்து எங்க இறங்கும், கரிபூ மான் எந்தப் பக்கத்தால வரும் எண்டு தெரிஞ்ச இடம். கனபேருக்கு வருசச் சாப்பாட்டில பெரிய பங்கு வசந்தத்தில விழுத்திற வாத்துதான், அந்த இரண்டு கிழமை பள்ளிக்கூடமே பூட்டு. அதை ஸ்காபுரோவில எந்த அபார்ட்மென்ற்றில வச்சு உரிக்கிறது?

#8 வடதிசை

தங்கச்சி சொன்னதோட ஒண்டு. ஜேம்ஸ் குடாவில அக்கிமிஸ்கி எண்டு பெரிய தீவு இருக்கு, அத்தவாபிஸ்கற் ஊருக்கு எதிர. அங்கத்தைய வாத்து வேட்டைக்காரருக்கு அது வீட்டு முற்றம் எண்டு சொல்லலாம். ஆனால் சட்டப்படி அது நூனவுட், கனடாவின்ர வடதுருவப் பக்கத்துப் பிராந்தியம்! 1912 இல எல்லையைக் கரையோட நிப்பாட்டினவை, குடாவுக்குள்ள இருக்கிற தீவு எல்லாம் பிராந்தியத்துக்குப் போச்சு. ஒரு ஒட்டாவாக் கந்தோரில இழுத்த கோடு.

அந்த அத்தவாபிஸ்கற்றுக்கு மேற்கிலதான் விக்ரர் வைரச் சுரங்கம் 2008 இல இருந்து 2019 வரை நடந்தது. ஒன்ராறியோவின்ர முதல் வைரச் சுரங்கம். நெஸ்கன்ராகா எண்ட ஊரில 1995 பெப்ரவரியில இருந்து குழாய்த் தண்ணி கொதிக்க வைக்காமல் குடிக்கேலாது, முப்பது வருசம் தாண்டியாச்சு. இப்ப அந்தப் பக்கம்தான் "ரிங் ஒஃப் ஃபயர்" எண்டு குரோமைற்றும் நிக்கலும் தோண்ட றோட்டுப் போடப் போறம் எண்டு நிக்கினம். சுரங்கத்துக்கு றோட்டுப் போட ஏலுமெண்டால், கணக்கன், செலவு எண்டது காரணமில்லை.

டீசல் பற்றியும் சொல்லவேணும். 24 முதற்குடிகள் பெரும்பங்கு வச்சு வட்டாயிநிகனியப் எண்டு மின்பாதை கட்டினவை, 1,800 கிலோமீற்றர் அளவு, 17 ஊர்களுக்கு. டீசல் ஜெனரேற்றர் நிக்கிற ஊர்கள் குறைஞ்சுகொண்டு வருது.

#9 செந்தில்_வாட்டர்லூ

வணக்கம் சார், அக்கா. ரொம்ப நாளா வாசகனா மட்டும் இருந்தேன். வடக்கு பத்தி இவ்வளவு தெரியாது. ஆனா சின்னச் சமூகங்கள்னா தெற்குலயும் இருக்கே. நான் வேலை பாக்கறது வாட்டர்லூல, ஏஐ அது இதுன்னு பேசிட்டு வெளிய வந்தா, இருபது நிமிஷத்துல செயின்ட் ஜேக்கப்ஸ் ரோட்ல குதிரை வண்டி. மெனனைட் மக்கள். 1800கள்ல பென்சில்வேனியாவுல இருந்து வந்தவங்க. பழைய ஒழுங்கைப் பின்பற்றறவங்க கார் வாங்க மாட்டாங்க. கடைகள்ல கார் பார்க்கிங் பக்கத்துலயே குதிரை கட்ட கொட்டகை இருக்கும். பனிக்காலத்துல வண்டிக்குப் பின்னாடி ஆரஞ்சு முக்கோணம் மட்டும் தெரியும், ஸ்லோ பண்ணிடுங்க ப்ளீஸ்.

பக்கத்துல கிச்சனர் ஊருக்கு 1916 வரை பெர்லின்னு பேர். போர் நடக்கும்போது வாக்கெடுப்பு வெச்சு மாத்திட்டாங்க.

இந்த மாதிரி வேற எங்கெல்லாம் இருக்கு? கோடை லீவுல பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்.

#10 பழம்பெட்டி

செந்தில், தென்மேற்கில் சாதம் (Chatham) நகரில் இருந்து கொஞ்சத் தூரத்தில் பக்ஸ்ரன். கட்டாயம் போங்கள். 1849 இல் வில்லியம் கிங் என்ற பாதிரியார், தானே விடுவித்த 15 பேரோடு தொடங்கிய குடியிருப்பு. அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு. 9,000 ஏக்கர், ஆளுக்கு 50 ஏக்கர், ஏக்கர் இரண்டரை டொலர், பத்து ஆண்டுத் தவணை. இலவசம் கிடையாது, அதில் குடியேறியவர்களுக்குப் பெருமை இருந்தது. வீட்டுக்கு அளவு உண்டு: குறைந்தது 24 அடிக்கு 18 அடி, நான்கு அறை, முன்னால் வேலி, பூந்தோட்டம். பள்ளிக்கூடம் அவ்வளவு தரமாக இருந்ததால் அக்கம்பக்கத்து வெள்ளையர்களும் பிள்ளைகளை அங்கேயே அனுப்பத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும் பலர் தெற்கே திரும்பிப் போய்விட்டார்கள், ஆனால் இன்றும் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். 1924 முதல் செப்ரெம்பர் தொழிலாளர் தின வார இறுதியில் ஊருக்குத் திரும்பி வருகிற விழா நடக்கிறது.

கிழக்கே வில்னோ. 1858 இல் வந்த கஷூபியர், போலந்தின் பால்ற்றிக் கரைச் சிறுபான்மை. 100 ஏக்கர் இலவசம் என்று விளம்பரம் பார்த்து வந்தார்கள். நான்கு ஆண்டில் 12 ஏக்கர் வெட்டித் திருத்த வேண்டும், வீடு கட்ட வேண்டும். வந்து பார்த்தால் வடதிசை சொன்ன அதே கேடயப் பாறை. விளம்பரம் எழுதியவர் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார். இன்றும் வயல் ஓரங்களில் அவர்கள் பொறுக்கிக் குவித்த கல் வேலிகள் நிற்கின்றன.

கணக்கன் கேட்ட "நகர்த்தினால் என்ன" என்பதற்கும் தெற்கில் ஓர் உதாரணம் இருக்கிறது. கோர்ன்வோல் பக்கம், சென்ற் லோரன்ஸ் ஆறு. கப்பல் பாதைக்கும் மின் நிலையத்துக்குமாக 1958 ஜூலை 1 அன்று அணையை வெடி வைத்துத் திறந்தார்கள். ஓல்ற்ஸ்வில், மூலினெற், மில் ரோஷ், வேல்ஸ் உட்படப் பல கிராமங்கள் நாலு நாளில் தண்ணீருக்கடியில். 6,500 பேர் இடம் மாறினார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளைப் பெரிய இயந்திரத்தில் அப்படியே தூக்கி, அலுமாரியில் கோப்பைகள் இருந்தபடியே, இங்கிள்சைட், லோங் சோ என்ற புது ஊர்களில் வைத்தார்கள். இவர்கள் ஆங்கிலம் பேசுகிற, 1784 இலேயே அரசரின் பக்கம் நின்று காணி பெற்ற குடும்பங்கள். நட்டஈடு வாங்கியவர்கள். புது வீட்டில் குழாய்த் தண்ணீர், நல்ல வீதி, எல்லாம் வசதிதான். அப்படியிருந்தும் அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அவர்கள் சங்கம் வைத்து, அருங்காட்சியகம் வைத்து, கல்லறைக் கற்களைச் செங்கல் மதிலில் பதித்து வைத்திருக்கிறார்கள். பழைய இரண்டாம் நெடுஞ்சாலை சில இடங்களில் நேராக ஆற்றுக்குள் இறங்குவதை இன்றும் பார்க்கலாம்.

#11 சட்பரி_மாணவன்

குறுக்கிடறதுக்கு மன்னிக்கவும். சட்பரியில படிக்கிறேன், சேலம் பக்கம் ஊர். வடக்குன்னா ஏதோ காலியா கிடக்குன்னு நினைச்சுத்தான் வந்தேன். இங்க பஸ்ஸுல பாதி நம்ம பசங்கதான், பஞ்சாபி, மலையாளி, தமிழ். ஊரே ஒரு விண்கல் விழுந்த பள்ளத்தோட விளிம்புல இருக்கு, 185 கோடி வருஷத்துக்கு முந்தி. 1883ல ரயில் பாதை போடும்போதுதான் தாதுவே கண்ணுல பட்டுதாம். நிக்கல் உருக்கின புகையில சுத்தியிருந்த பாறையெல்லாம் கறுத்து, ஒரு காலத்துல புல்லே இல்லையாம். 1978ல இருந்து சுண்ணாம்பு தூவி ஒரு கோடி மரத்துக்கு மேல நட்டிருக்காங்க. ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கற பாறையில ஒரு பக்கம் இன்னும் கறுப்பு, விரிசல்ல பைன் கன்னு. வேலை கிடைச்சா இங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். வாடகை டொராண்டோ அளவுக்கு இல்ல.

#12 லொறிச்சாரதி

தம்பி இருங்கோ, நல்ல முடிவு. பிளக்-இன் ஹீற்றர் இருக்கிற காரா வாங்குங்கோ.

பிரெஞ்சு ஊர்களை ஒருத்தரும் எழுதேல்லை. 11ஆம் நெடுஞ்சாலையில கப்புஸ்கேசிங் தாண்டி ஹேர்ஸ்ற் போனால் பத்துப் பேரில எட்டு ஒன்பது பேருக்கு பிரெஞ்சுதான் தாய்மொழி. கோப்பிக் கடையில முதல் வாயைத் திறக்கிறது பிரெஞ்சில. நான் "மெர்சி" எண்டு சொன்னால் காணும், கோப்பையில இன்னும் கொஞ்சம் ஊத்துவா.

#13 பழம்பெட்டி

அதற்குப் பின்னால் பெரிய கதை. 1912 இல் ஒன்ராறியோ 17ஆம் ஒழுங்குவிதி என்று ஒன்று கொண்டுவந்து, முதல் இரண்டு வகுப்புக்கு மேல் பிரெஞ்சில் கற்பிப்பதை முடக்கியது. 1916 ஜனவரியில் ஒட்டாவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகளை உள்ளே வைத்து, தாய்மார் தொப்பி ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் காவல் நின்றார்கள். பொலிஸ் பின்வாங்கியது. 1927 இல் அரசு அந்த விதியைக் கைவிட்டது. ஒன்ராறியோப் பிரெஞ்சுக்காரரின் பச்சை வெள்ளைக் கொடி முதலில் ஏறியது 1975 இல், சட்பரியில். நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

#14 கணக்கன்

எல்லாம் வாசிச்சன். ரொபின்சன் தீர்ப்பையும் தேடி எடுத்துக் கொஞ்சம் படிச்சன், ஆண்டுக்கு 4 டொலர் எண்டு நான் நம்பேல்லை, உண்மைதான். செலவு பெரிசு எண்டதில இப்பவும் மாற்றமில்லை. ஆனால் அது தானமில்லை, பழைய கடன் எண்டால் ஐந்தொகையில அது வேற பக்கத்தில வரும். அவ்வளவுக்கு ஒத்துக்கொள்ளுறன். தெற்கே வரச்சொல்லிக் கேக்கிற கேள்வியை விட்டுட்டன், மூஸ்நதி அக்கா வாத்து உரிக்க என்ர பல்கனியைக் கேட்டாலும் கேப்பா.

ஓகஸ்டில ஒரு கிழமை லீவு. ரயிலெண்டால் மனிசி சம்மதிக்கிறா, கூடாரம் எண்டால் இல்லையாம். மூசனிக்குப் போறதோ, மனிற்றூலின் தீவுக்குப் போறதோ?

#15 மூஸ்நதி

சின்னப் பிள்ளையள் எண்டால் இந்த முறை மனிற்றூலின். மூசனிக்கு ஓகஸ்டில போகலாம், நுளம்புக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டு. கொக்ரேனுக்குக் காரில போகவே ஒரு முழு நாள், முதல் நாள் இரவு அங்க தங்கவேணும், ரயில் எல்லா நாளும் இல்லை. படகுக்குக் காசு கையில வச்சிருங்கோ, எல்லாரும் கார்ட் எடுக்கமாட்டினம்.

#16 வடதிசை

மனிற்றூலினுக்கு என்ர வோட்டும். நன்னீர் ஏரிக்குள்ள இருக்கிற தீவுகளில உலகத்திலயே பெரிசு, 2,766 சதுர கிலோமீற்றர். தீவுக்குள்ள ஏரி, அந்த ஏரிக்குள்ளயும் தீவு. கிழக்குப் பக்கம் விக்வெம்கூங் எண்ட பூர்வகுடி ஊர், 1862 இல தீவின்ர மற்றப் பகுதிக்குக் கையெழுத்து வாங்கினபோது அவை போடேல்லை, இண்டைக்கும் விட்டுக்குடுக்காத நிலம். ஓகஸ்ட் முதல் வார இறுதியில அங்க பவ்-வவ் எண்ட பூர்வகுடிகளின்ர ஆட்டபாட்ட விழா நடக்கும், எல்லாரும் போகலாம். ஆடுற ஆக்களைப் படம் எடுக்க முன்னம் கேளுங்கோ, சில ஆட்டத்துக்கு கமெராவே கூடாது எண்டு ஒலிபெருக்கியில சொல்லுவினம்.

போகேக்க ரொபமொரியில இருந்து கப்பல் எடுங்கோ, காரும் ஏறும், இரண்டு மணித்தியாலத்துக்குள்ள. முன்பதிவு இல்லாமல் போகாதேங்கோ. வரேக்க வடக்கால லிற்றில் கரன்ற் பாலம். 1913 இல ரயிலுக்குக் கட்டின சுழல் பாலம், ஒரு லேன்தான். கோடையில பகல் நேரம் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் படகுகளுக்காக கால் மணித்தியாலம் வரை திறந்து விடுவினம், வரிசை கடைத்தெரு வரைக்கும் நிக்கும். சட்பரிப் பக்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரவேணுமெண்டால் காலமை பத்தரைக்குப் பாலத்தைத் தாண்டப் பாருங்கோ, பதினொண்டுக்குப் போய் மாட்டாதேங்கோ.